குளிக்க வார்க்காத வியாழக்கிழமைகள்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், வியாழக்கிழமைகளில் ஒரு டேனிஷ் அம்மாவைக் குளிக்க வார்ப்பது என் பொறுப்பு. முன்னாள் தபால்காரி. கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன, நாக்கு ஓயவில்லை. பராமரிப்புச் செலவு ஏறிவிட்டதென்று கொமூன், அதாவது நகரசபை, எங்கள் பிரிவில் ஒருவரைக் குறைத்தபோது அந்தக் குளியலுக்கு நேரமில்லாமல் போனது. என் மதிய இடைவேளையை அதற்குக் கொடுத்தேன். சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் பல. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலையில் குறை வைக்காதவள் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கொமூனிலிருந்து கடிதம் வந்தது. ஆள் குறைந்தும் எங்கள் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதாம், ஆகவே இன்னொருவரையும் குறைக்கலாமாம். அப்படி நடந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் குளியல்.

என்னோடு வேலை செய்யும் மன்னார்ப் பெண் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்கள் சாப்பிடாமல் குளிக்க வார்த்தால், ஆள் காணாதெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்ப அந்த மனிசியை நாற விடச் சொல்லுறியோ?”

“ஓம். விட்டிட்டு, அதை எழுதுங்கோ.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் ஏறியது.

அந்த டேனிஷ் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “எழுது,” என்றார், வேறொன்றும் கேட்காமல். அந்த வியாழக்கிழமை அவர் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ‘குளியல் இல்லை, ஆள் போதாது’ என்று கணினியில் பதிந்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமையும் அப்படியே எழுதினேன்.

மூன்றாம் வியாழக்கிழமை கொமூன் உறுப்பினர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. காலையிலேயே எனக்குக் கை துறுதுறுத்தது. விருந்தாளி வருகிறாரென்றால் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாவது வீட்டைக் கூட்டிவைக்கிற ஆட்கள் நாங்கள். என்னை அறியாமலே துவாயும் சம்பூவும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விட்டேன்.

“கொண்டுபோய் வை,” என்றார் அம்மா. “இன்றைக்கு என் தலையைத் தொடாதே.”

வந்தவர்களில் ஒருவர் நாற்காலியை அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து என்னைக் கேட்டார்: “இவ்வளவு நாளும் இதே ஆட்களோடு எல்லாம் நடந்ததே?”

“நடக்கவில்லை. என் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்து நான் நடத்தினேன். இனிக் கொடுக்கமாட்டேன்.” வழக்கமாக இடறும் என் டேனிஷ் அன்றைக்கு இடறவில்லை.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டே மூக்கைச் சுருக்கி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“தள்ளி உட்கார்ந்தீர்களே,” என்றார். “அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”