பங்னர்டங்கிலிருந்து ஒரு மணித்தியாலம்

ரிக்கற் விற்கிறவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாத் தூரமும் தெரியும் என்று சனம் நம்புகிறது; தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடும். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பயண முகவராக இருக்கும் எனக்கும் அதே தலையெழுத்துத்தான். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விரல் கணக்கு

போன மாரியில் பக்கத்து நகரான பிக்கரிங்கிலிருந்து மலர் அன்ரி வந்தார். மகளும் மருமகனும் கனடாவின் தூர வடக்கே, பங்னர்டங் என்ற சின்ன ஊரில் ஆசிரியர்கள். அங்கே பிள்ளைப்பேற்றுக்கு வசதி இல்லை என்று மகளை முன்கூட்டியே, ஆஸ்பத்திரி உள்ள இக்கலுவிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்ரியை ரொறன்ரோவிலிருந்தும், மருமகனை பங்னர்டங்கிலிருந்தும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. தலைப்பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது மகளின் ஒரே ஆசை.

சுவரில் இருந்த வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே அன்ரி விரலை வைத்தார். அரை விரல்கூட இல்லை. முந்நூறு கிலோமீற்றர், றோட்டே கிடையாது, விமானத்தில் ஒரு மணித்தியாலம் என்றேன். அவர் நம்பவில்லை. "இஞ்சை பாரும் தம்பி, பக்கத்திலை இருக்கிற விட்பிக்குப் போறளவு இடம். மருமகன் ஒரு காரை வாடகைக்கு எடுக்கமாட்டாரே?"

எந்த ஊர் ராகுகாலம்

மருமகனுக்கு வியாழன் இரண்டு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. அன்ரி கைப்பையிலிருந்து கலண்டரை எடுத்தார். ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம். அங்கே அது பொருந்துமா என்று கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். உடனே கோயில் ஐயருக்கு போன் போனது. ஐயரே கையை விரித்தார். "சூரியனே ஒழுங்கா எழும்பாத ஊருக்கு நான் என்னெண்டு ராகுகாலம் கணிக்கிறது, அம்மா?"

வெள்ளிக்கிழமை

அப்படியென்றால் ரொறன்ரோ ராகுகாலம்தான் என்று அன்ரி முடிவுகட்டி, வெள்ளிக்கு மாற்றச் சொன்னார். வடக்கில் பறக்கிற நாளில் பறந்துவிடவேண்டும், நாளையை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வாதாட அலுத்து மாற்றிக்கொடுத்தேன். மருமகன் பாவம், மாமி சொன்னால் சரி.

வியாழன் விமானம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளி விடியப் பனிப்புயல். சனி காலை மருமகன் என்னை அழைத்தார். இக்கலுவிட்டில் மகளுக்குப் பிரசவக் குத்துத் தொடங்கிவிட்டது. பக்கத்தில், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த அன்ரி இருக்கிறார், இவர் இல்லை. அவர் கோபிக்காததுதான் எனக்குச் சுட்டது. "அண்ணை, ஒரு மணித்தியாலம் எண்டு சொன்னனீங்கள். இப்ப எவ்வளவு தூரம்?"

திரும்பும் ரிக்கற்

பெண் பிள்ளை. தகப்பன் அதன் அழுகையை போனில்தான் கேட்டார். திங்களன்றுதான் புயல் விட்டு, போய்ப் பிள்ளையைத் தூக்கினார்.

பிறகு மகள், மருமகன், பிள்ளை மூன்று பேருக்கும் பங்னர்டங்குக்கு ரிக்கற் கேட்டு அன்ரி அழைத்தார். அன்று வாதாடாமல் மாற்றிக்கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ராகுகாலம் இல்லாத விமானமாகத் தேடுகிறேன் என்றேன். அன்ரி இடைமறித்தார். "பிள்ளை பிறந்தோடனை என்ரை மகள் வாசலைத்தான் பாத்தவள், தம்பி. ராகுகாலமோ எமகண்டமோ, முதல் பறக்கிற பிளேனிலை போடும்."

அந்த இரண்டு ஊருக்கும் இடையில் பறப்பு நேரம் எவ்வளவு என்று இப்போது யாராவது கேட்டால், ஒரு மணித்தியாலமும் மூன்று நாளும் என்று சொல்கிறேன்.