சத்தம் வராத ஜாடி

மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, வீட்டிலேயே இஞ்சி சோடா போட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? திருத்தங்கலில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே நான், மேலே அவள். மாமியார் சாப்பிடுவது கீழே, புகழ்வது மேலே. நேரில் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது.

துருவிய இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரில் சில நாள் கிடந்தால் நுரைக்கும். அந்த நுரைத் தண்ணீரை எலுமிச்சைச் சாற்றிலும் சர்க்கரைத் தண்ணீரிலும் கலந்து புளிக்கவிட்டால் கடை சோடா மாதிரி மூக்கில் ஏறும். போதை வருமோ என்று மாமியார் முதலில் பயந்தார். பிறகு அரை டம்ளர் கேட்டார். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மூத்த மருமகளின் கைப்பக்குவத்தைச் சொல்லத் தொடங்கினார்.

ஓரகத்தியின் சாமான்களையும் சொல்ல வேண்டும். பெரிய கண்ணாடி ஜாடி, அதன் மூடியில் ஒரு வளைந்த குழாய், குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே சேரும் காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழி விட்டு வெளியேறும். பாட்டிலில் ஊற்றிய பிறகும் தினம் காலையில் ஒவ்வொரு மூடியையும் லேசாகத் தளர்த்திக் காற்றை விட்டு மூடுவாள். ஒரு சோடாவுக்கு எதற்கு இம்புட்டு சாமான் என்று கேட்டேன்.

"சத்தம் வந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

பெரிய மகாராணி, சத்தம் ஆகாதாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஊர் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் நெருங்கியது. விருந்தாளிகளுக்குக் கறிக்குழம்பும் சோறும் என் தலையில். சோடா மட்டும் மாடியில் என்று மாமியார் சொல்லிவிட்டார். வேலை எனக்கு, பேர் அவளுக்கு. இந்தத் தடவை என் சோடாவைத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்டால் அது அவள் சோடா ஆகிவிடும். அதனால் வீடியோ பார்த்தேன், அதுவும் முதல் பாதி மட்டும். பாத்திரக் கடையில் அவளுடையதை விடப் பெரிய ஜாடியாகப் பார்த்து வாங்கினேன். குழாய் வைத்த மூடி கிடைக்காததால் ஜாடி வாயில் துணியைக் கட்டினேன். பாட்டிலுக்குக் காலி சர்பத் பாட்டில்களே போதும் என்று தோன்றியது.

மூடியில்தான் என் புத்தியைக் காட்டினேன். நான் நாரணாபுரத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றினேன். இறுக்கிச் சுற்றினால்தான் வெடி, தளர்ந்தால் புஸ்வாணம். அவள் பாட்டில் உஸ் என்று திறக்கும். என்னுடையது டப்பென்று திறந்து, வந்தவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். சோடாவை ஊற்றி மூடியைத் திருகி, பசை தடவிய சணலைப் பாட்டில் கழுத்தோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். கை எதையும் மறந்திருக்கவில்லை. யார் கண்ணிலும் படாதபடி மாடிப்படிக்குக் கீழே பழைய தகர டிரம்முக்குள் வைத்து மூடினேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், மத்தியானம் நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வெடித்தது. ஒன்று, அதைத் தொடர்ந்து மற்றவை. தகரத்துக்குள் வெடித்ததால் தெரு முழுக்க அதிர்ந்தது.

சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் எங்கள் ஊரில் இப்படிச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று வானத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் அப்படி நின்றாள். என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. ஓரகத்தியின் கணவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், வெடிமருந்து கலக்கும் ரூம் அவர் பொறுப்பு. அவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்தாள், காதில் போன். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அவர் எடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள்.

டிரம்மின் அடியில் நுரை ஒழுகியது, இஞ்சி வாடை வந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, கம்பெனி இல்லக்கா. என் சோடா. நம்ம படிக்குக் கீழதான்."

டிரம்மைத் திறந்து, உடைந்த கண்ணாடியையும் சணலையும் காட்டினேன். அவள் பார்த்தாள், தலையை ஆட்டினாள், திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தாள். அந்தக் குழாயும் தண்ணீரும் தினம் மூடி தளர்த்துவதும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொங்கலுக்கு யார் சோடா என்ற பேச்சும் அதோடு முடிந்தது.

வெடித்தது பாட்டில்தான் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவள் படியை விட்டு எழவில்லை. தன் கணவர் பைக் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன், தரையைக் கழுவினேன், அவளுக்குக் காபி கொண்டுபோய் வைத்தேன். அது ஆறி ஆடை கட்டியது.

முதலில் வந்தது என் கணவர். அச்சகத்தில் ஆர்டர் குறைவு என்று சீக்கிரம் வந்தவர், கையில் லேபிள் மை ஒட்டியிருக்க, என்ன ஈரம் இது என்று கேட்டபடி அவளைத் தாண்டி உள்ளே போனார். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அவள் ஜாடியை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.