பசறை மேட்டில் ஒரு சைக்கிள்காரர்

மடுல்சீமைக் கடைகளில் அரிசி இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பசறைக்கு மேலே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சைக்கிளில் முன்னும் பின்னும் மூட்டை, மேலே சுருட்டிய கூடாரம். கொஞ்சம் தள்ளுவார். சைக்கிள் பின்னால் உருளாமல் பின்சில்லுக்குக் கல் வைத்து மூச்சு வாங்குவார். பிறகு அதே கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

லொறியை நிறுத்தினேன்.

"ஏண்ணே, இந்த ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்?"

"இது காலையில இருந்து கூட வருதுங்க."

பதுளையிலிருந்து கிளம்பி மலைநாடு முழுக்கச் சுற்றப் போகிறாராம். அன்றுதான் முதல் நாள். சொல்லிவிட்டு மறுபடி அந்தக் கல்லைச் சில்லுக்கு வைத்தார்.

"சைக்கிள ஏத்துங்க, பதுளையில எறக்கி விடுறேன். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் வெறும் லொறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொத நாளே திரும்பிட்டா நான் மறுபடி கெளம்ப மாட்டேன் தம்பி. நீங்க கேக்காம போயிருக்கலாம். இப்ப ஆசை வந்திருச்சி. தயவுசெஞ்சு போயிருங்க."

கையெடுத்துக் கும்பிட்டார். நான் போய்விட்டேன். வளைவு வரைக்கும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் நகரவில்லை.

பிறகு ஏறினாரா, தெரியாது. இப்போதும் யாராவது பாரத்தோடு மேடேறினால் பிரேக்கில் கால் வைக்கிறேன். நிறுத்துவதா, விடுவதா என்று தெரிவதில்லை.