ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தொண்ணூறுகளின் பிற்பாதி. லினக்ஸ் ஓடும் ஒரே கணினியில்தான் எல்லோருக்கும் வேலை. அதைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. எந்தக் கோப்பையும் மாற்றவிடும் ரூட் பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள் என்று முதலாளியிடம் கெஞ்சியிருந்தேன். நாமெல்லாம் ஒரே குடும்பம், இதில் என்ன ஒளிவு மறைவு என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, மயிலாப்பூரிலிருந்து வரும் சீனியர் அம்மாளின் பில் புரோகிராம் கிளம்பவே மறுத்தது. தேவையான ஃபங்ஷன் லைப்ரரியில் இல்லை என்றது திரை. படம் வரையவும் அச்சடிக்கவும் எங்கள் புரோகிராம்கள் எல்லாம் ஓடும்போது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கோப்புதான் அந்த லைப்ரரி. நான் வேறு வேலையை முடித்துவிட்டுப் போவதற்குள் புரோகிராம் தானாகச் சரியாகியிருந்தது. தான் எதையும் தொடவில்லை என்றார் அம்மாள்.

மதியம் ஆதம்பாக்கத்துக்காரர் வந்தார். கிராஃப் வரையும் புரோகிராம் அவருடையது. "இன்னா மேடம், காலைல நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. இப்போ படுத்துக்கிச்சு." அவரும் எதையும் தொடவில்லையாம்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. ஒருவருடையது ஓடினால் மற்றவருடையது விழும். டிஸ்க் பழுதோ என்று சோதித்தேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இலவசமாக வந்த லினக்ஸ் இப்படித்தான் இருக்கும் என்று முதலாளி தன் பங்குக்கு எரிச்சலைக் கூட்டினார். கடைசியில் அந்த லைப்ரரி கோப்பை மட்டும் கவனித்தேன். சாப்பாட்டுக்கு முன் ஓர் அளவு. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேறு அளவு. பெயர் மட்டும் அதேதான்.

இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டேன். ஆதம்பாக்கத்துக்காரர் தன் கிராஃபுக்காக லைப்ரரியின் புதிய பதிப்பைப் பழையதன் மேலேயே போட்டிருக்கிறார்; அதில் அம்மாளின் பில் ஓடாது. அந்த அம்மாள் வாயே திறக்காமல் பழையதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அவர் மறுபடி புதியதை. இப்படியே ஐந்து நாள்.

"பொது லைப்ரரிதானே மேடம்? புச்சு வந்தா போடக் கூடாதா?" என்றார் அவர்.

"அவர் கெடுத்ததை நான் சரி பண்ணிண்டு இருந்தேன். அது தொட்டதா ஆகுமா?" என்றார் அம்மாள்.

இரண்டு பதிப்புகளையும் தனித்தனி டைரக்டரியில் வைத்து, எந்த புரோகிராம் எங்கே தேட வேண்டும் என்று ஆளுக்கொரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டும் ஓடின. கையோடு பாஸ்வேர்டையும் மாற்றினேன். முதலாளிக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் மாடிப்படி ஏறும்போது உள்ளே பேச்சுக் குரல். ஒரு வாரமாக முகம் பார்க்காத இருவரும் ஒரே மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம மேல நம்பிக்கையே இல்லை பார்த்தேளா" என்று அம்மாள் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.