ஓட்டை விழுந்த கீரை

மல்லாபூர் பக்கத்து எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸில் ராஜத்தைக் கனவு காண்கிற பேர்வழி என்றுதான் சொல்வோம். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நிற்பாள். பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துவிடும். அவளோ வெண்டைப் பூவுக்குள் தேனீ நுழைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வீடு என்பதால் அந்த வாசனை எனக்கும் பழக்கம்.

தோட்டத்தில் கடை உரமோ பூச்சிமருந்தோ நுழையக்கூடாது என்பது அவள் பிடிவாதம். சாணமும் காய்கறித் தோலும் மக்கிய குழி ஒன்று, அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் அந்தப் பேச்சே எங்களுக்குப் புதிது. முதலில் சிரித்தோம். அவள் கொடுத்த சிறுகீரையை மசித்துச் சாப்பிட்டதும் வாயை மூடிக்கொண்டோம். நாளடைவில், கூடையில் தோலைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டிவிட்டுக் கீரையோடு திரும்புவது காலனிப் பெண்களின் வழக்கமாயிற்று. தெருமுனைத் தொட்டியில் நாற்றம் குறைந்தது. எங்கிருந்தோ பட்டாம்பூச்சிகள் வந்தன. இலையில் ஓட்டை இருந்தால்தான் கீரையை எடுப்போம். பூச்சி தின்றதை நம்பித் தின்னலாம் என்பாள் ராஜம்.

அவள் கணவர் சக்ரபாணிக்கு அந்த ஓட்டைகள்தான் உறுத்தின. காலனியில் வருஷாவருஷம் தோட்டப் போட்டி நடக்கும். ஜெனரல் மானேஜரின் மனைவி இலை இலையாகப் புரட்டிப் பார்த்து மார்க் போடுவார். கோப்பை எதிர்வீட்டு ரோஜாவுக்கே போகும். மனுஷர் முகம் தொங்கிவிடும்.

அந்த வருஷம் ராஜம் பேகம்பேட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், எங்கிருந்தோ மருந்து வாங்கிவந்து தோட்டம் முழுக்க அடித்துவிட்டார். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான். கோப்பையும் கிடைத்தது.

"ஏன்னா, இந்தக் கீரையை இனி யாருக்குக் குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டாள், ஊரிலிருந்து திரும்பிய ராஜம்.

மறுநாள் கூடைகளோடு போன எங்களிடம், "நக்கோ, வேண்டாம், மருந்து அடிச்சிருக்கு" என்று அவளே சொன்னாள். எனக்குச் சக்ரபாணி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். பட்டாம்பூச்சிகளைக் காணோம். அதற்கப்புறம் அவள் வீட்டில் பால் பொங்கவே இல்லை. அடுப்பை விட்டு அவள் நகர்ந்தால்தானே! எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சக்ரபாணிக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது. மண்ணைக் கிளறிப் புதிதாகச் சாணம் போட்டார். டியூட்டிக்குப் போகுமுன் வீடு வீடாகக் கூடையோடு வந்து, "தோல் இருக்கா மாமி?" என்று கேட்டு வாங்கிப் போனார். பல மாதம் கழித்து மறுபடி விதைத்தார். கீரை தளதளவென்று வந்தது. ஓட்டை மட்டும் விழவில்லை. தினமும் குனிந்து இலை இலையாகப் புரட்டுவார். உதட்டைப் பிதுக்குவார். ராஜம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஒரு காலையில் காலனிக்கே கேட்டது அவர் குரல்.

"ராஜி! ஓடி வா! ஓட்டை விழுந்துடுத்து!"

கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. சற்று நேரத்தில் என் சமையலறை வரை பால் தீய்கிற வாசனை வந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. தீயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.