வெள்ளைக் கவுனும் கபாப் எண்ணெயும்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் விசேஷத்துக்கு ஜெனரேட்டர் வேண்டுமென்றால் டோரீனிடம்தான் வருவார்கள். வண்டி ஓட்டுவது கணவர் லாயிட். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது டோரீன். கல்யாணமான புதிதில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே தொழிலைக் கற்றாள். நாளடைவில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவர் லாயிட் ஆகிவிட்டார். இருவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஒரே ஒரு மானக்கேடு உண்டு. அக்கா மரியாவின் மூத்த மகள் ரிசப்ஷனில், கேக் வெட்டும் நேரம் பார்த்து கரண்ட் போனது. டோரீனின் ஜெனரேட்டர் உறுமியது. கரும்புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மணப்பெண்ணின் வெள்ளைக் கவுனில் மிளகுத்தூள் தூவியதுபோல் படிந்தது. ஆல்பத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.

2004இல் இளையவள் பிரிஜெட்டுக்குத் தேதி குறித்ததும், அவளே நேரில் வந்து சொன்னாள்: "சின்னம்மா, நீ வா, சாப்பிடு, டான்ஸ் ஆடு. ஜெனரேட்டரை மட்டும் வீட்லயே விட்டுட்டு வா."

"புகையே வராதுடி! இப்ப ஊத்தறது டீசல் இல்ல, நானே செஞ்ச எண்ணெய்."

"என் கவுனும் கறுப்பாச்சுன்னா உன்கூட பேசவே மாட்டேன்."

"ஆச்சுன்னா நானே உன் வீட்டுப் படி ஏற மாட்டேன், போ!"

டோரீன் சும்மா சொல்லவில்லை. ஒரு கண்காட்சியில் புங்க எண்ணெயில் ஓடிய பம்ப்செட்டைப் பார்த்ததிலிருந்து, பஜ்ஜிக் கடைகள் கழித்த எண்ணெயைக் கொல்லையில் வைத்துப் பக்குவம் செய்துவந்தாள். காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்துச் சூடான எண்ணெயில் கலந்தால், கிளிசரின் அடியில் தங்கும். எஞ்சினுக்கு ஏற்ற தண்ணீர் போன்ற எண்ணெய் மேலே நிற்கும். ஆனால் பழைய எண்ணெயில் புளிப்பு இருக்கும். அது காஸ்டிக்கைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்று பார்க்க ஆரத்தித் தட்டு அவளுக்கு வழி சொன்னது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்குமல்லவா? ஸ்பிரிட்டில் கொஞ்சம் எண்ணெயும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, காஸ்டிக் நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். சிவந்தால் புளிப்பு தீர்ந்தது. சொட்டுகள் கூடினால் காஸ்டிக்கும் கூடுதலாக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பஜ்ஜி எண்ணெய் போதவில்லை. சிவாஜிநகர் கபாப் கடையிலிருந்து ஒரு டின் வந்தது. சோதித்தாள். முதல் சொட்டிலேயே சிவப்பு!

"என்னங்க, இதுல புளிப்பே இல்ல! புது எண்ணெய் மாதிரி இருக்கு!"

"புது எண்ணெயைக் கழிச்சுப் போட கபாப்காரனுக்கு என்ன பைத்தியமா?" என்றார் லாயிட்.

"உங்களுக்குப் பொறாமை."

காஸ்டிக்கைக் குறைவாகவே போட்டாள். மறுநாள் காலை கேனைப் பார்த்தால், அடியில் கிளிசரின் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணெய். அடுத்த நாள் விடிந்தால் கல்யாணம்.

லாயிட் விரலை விட்டுப் பார்த்தார். "சக்கத்தா, சூப்பரா இருக்கு. கோழியைப் போட்டா இன்னொரு ரவுண்டு பொரிச்சிடலாம்."

டோரீன் அந்த விரலையே பார்த்தாள். செக்கச்செவேலென்று இருந்தது. ஓடிப்போய் நேற்றைய கிளாஸில் எலுமிச்சை பிழிந்தாள். காஸ்டிக்கால் சிவந்த மஞ்சள் என்றால் மறுபடி மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை.

"அய்யோ, இது கபாப் கலரு! மொளகாப்பொடியைப் பார்த்து ஏமாந்துட்டேன்!" தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அழறியா சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான். இன்னொரு கிளாஸ் கொண்டாங்க!"

இம்முறை இரண்டு கிளாஸிலும் ஒரே அளவு ஸ்பிரிட், எண்ணெய், மஞ்சள். ஒன்றில் மட்டும் காஸ்டிக் சொட்டினாள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தவரை சொட்டிக்கொண்டே போனாள். போனாள், போனாள், எண்ணெய் குடித்துக்கொண்டே இருந்தது. "குடிகாரன்டா நீ!" என்று அதைத் திட்டினாள். ஒருவழியாக அந்தக் கிளாஸ் மட்டும் அடர்ந்து சிவந்தது.

புதிய கணக்கில் கலந்தாள். மத்தியானம் கேனின் அடியில் வெல்லப்பாகு நிறத்தில் கிளிசரின் தங்கியது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மௌரீன், யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். மேலே நின்றதை நாற்றுக்கு விடுவதுபோல் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வேகமாகக் கலக்கினால் மோராகிவிடும். கழுவிய நீர் தெளியும்வரை விடவில்லை. பிறகு சூடேற்றி ஈரத்தைப் போக்கினாள்.

மறுநாள் மாலை ரிசப்ஷனில் பிரிஜெட் கேக் கத்தியை எடுத்தாள். கரண்ட் போனது. "ஓஓ!" என்று மண்டபமே கத்தியது. வெளியே லாயிட் ஜெனரேட்டரின் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் ஒருமுறை தும்மியது, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. விளக்குகள் எரிந்தன. ஜன்னல் வழியாகப் புகைக்குப் பதில் சுடச்சுட கபாப் வாசனை வந்தது. கேக்கை மறந்து பாதிக் கூட்டம் பந்திக்கு எழுந்தது.

"உக்காருங்க! இன்னும் எலை போடல!" என்று மரியா ஓடி ஓடித் தடுத்தாள்.

பிரிஜெட் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் எதிரே சற்றுநேரம் நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

"சின்னம்மா," என்றாள் பிரிஜெட், "பசிக்குது."

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, எஞ்சின் தாளத்துக்கு அங்கேயே ஆடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை கேக் கத்தியுடன் பெண்ணைத் தேடி வந்தபோது, லாயிட் அவரையும் ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டார்.