பேஸ் கேம்ப், ஐந்தாம் மாடி

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மோகனராஜ் நின்றுவிட்டார். தோளில் கேஸ் தோங். உள்ளே பதினான்கு கிலோ எரிவாயு, இரும்பையும் சேர்த்தால் இருபத்தெட்டு. அதை இறக்கி வைக்காமல், சுவரைப் பார்த்தபடி, மூக்கால் இழுத்து வாயால் விட்டு இருபது மூச்சு எண்ணுகிறார். ஐந்தாவது மாடியில் காமாரியாவின் அடுப்பில் சோறு பாதி வெந்து நிற்கிறது. அவர் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

“கம்பாச்சென்ல இருக்கேன்மா. இன்னும் ரெண்டு ஊருதான்” என்று கீழேயிருந்து பதில் போகிறது.

பினாங்கில், ஆயர் ஈத்தாமின் இந்தப் பழைய ஐந்து மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தோங்கும் யாராவது ஒருவருடைய தோளில் ஏறித்தான் மேலே போக வேண்டும். இருபத்தாறு வருடங்களாக அந்தத் தோள் மோகனராஜுடையது. கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பக்கத்துத் தட்டிலிருந்து தோங்கை ஒரே வீச்சில் தூக்கி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார். போனைக் கீழே வைப்பதற்குள் கதவைத் தட்டுகிற மனுஷன் என்று அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியவர். இப்போது ஒரு வருடமாக ஒரு படி, ஒரு மூச்சு. ஐந்து மாடி ஏற அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு கோழியை உரித்துக் கழுவி வைத்துவிடலாம்.

மாடிகளுக்கு அவர் புதுப்பெயரும் வைத்திருக்கிறார். மோட்டார் நிற்கும் இடம் தப்ளேஜுங். முதல் மாடி கியாப்லா, இரண்டாவது குன்சா, மூன்றாவது கம்பாச்சென், நான்காவது லோனாக். ஐந்தாவது, பேஸ் கேம்ப். எல்லாம் நேப்பாளத்தில் கஞ்சன்ஜங்கா மலைக்குப் போகும் வழியில் இருக்கிற இடங்கள். கேலியாக ஆரம்பித்தது இன்று எல்லாருக்கும் பழகிவிட்டது. பேஸ் கேம்பில் கேஸ் முடிந்துவிட்டது என்று காமாரியாவே கடைக்குப் போன் செய்கிறார். கடை முதலாளி ராமசாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இப்போது அவரும் சீட்டில் அப்படியே எழுதிக் கொடுக்கிறார்.

ஐம்பத்திரண்டு வயது. உயரம் கம்மி, உருட்டுக்கட்டை உடம்பு. வலது தோளில் இரும்பு வளையம் அழுத்தி அழுத்தித் தோல் காய்த்துப்போயிருக்கிறது. சட்டை எப்போதும் அங்கேதான் முதலில் கிழியும் என்பதால் அவர் மனைவி தனுஜா எல்லாச் சட்டையிலும் அந்த இடத்தில் துண்டுத் துணியை மடித்துத் தைத்துவிடுகிறார். தோங்கை மாட்டியதும் ரப்பர் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, கன்னத்தைத் தரையில் வைக்காத குறையாகக் குனிந்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். கிளம்பும்போது அடுப்பை ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டுப் போவார். அது ஏன் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அண்மையில் வேறு சில விசித்திரங்கள் சேர்ந்திருக்கின்றன. பினாங்கு வெயில் தாரை உருக்கும் மத்தியானத்தில், கணுக்கால் மறைக்கும் கனத்த மலைக் காலணியோடு கேஸ் போடுகிறார். புதுக் காலணி காலுக்குப் பழக வேண்டுமாம். மோட்டாரின் முன்பெட்டியில் கம்பளித் தொப்பி இருக்கிறது. சாலைச் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது அதை எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் கழற்றி வைத்துவிடுவார். வீட்டில் நெத்திலி சம்பல் நான்கு போத்தல் தயாராகிவிட்டது. மூன்று போதும் என்கிறார் தனுஜா. வீட்டில் இந்த மாதத்துப் பெரிய சண்டை அதுதான்.

கஞ்சன்ஜங்கா பேஸ் கேம்ப் வரை போக எதற்காக இந்த ஆசை என்று கேட்பவர்கள் நிறைய. குளிர் என்றால் ஐஸ் பெட்டியைத் தவிர வேறு அறியாத ஊர் இது. மோகனராஜ் தோங்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“இருவத்தாறு வருசமா ஏறுறேன். எந்த ஏத்தமும் யாரோ ஒருத்தவங்க குசினியிலதான் போய் முடியுது. ஒரு தடவையாச்சும் அடுப்பே இல்லாத இடத்துல போய் நிக்கணும் லா.”

நிற்க வேண்டியவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பே போனார். அந்தக் கதையை அவர் சொல்லமாட்டார், ஷாருல்தான் சொல்வார். ஷாருல், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கு ஹில் ஏறும் ஆறு பேருக்கு அவர்தான் தலைவர். அந்த ஆறு பேரிலேயே பலசாலி மோகனராஜ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதுதான் வினையாகிப் போயிற்று.

நேப்பாளத்தில் மூட்டை சுமக்க ஆள் வைத்திருந்தார்கள். தாவா என்று பெயர். ஒல்லியான மனிதர், மோகனராஜைவிட மூத்தவராக இருக்கலாம். நெற்றியில் பட்டை கட்டி முதுகில் கூடையோடு அவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கைவீசி நடப்பது மோகனராஜுக்கு ஆகவில்லை. சுமை தூக்குகிறவருக்கு இன்னொருவர் சுமை தூக்குவதைப் பார்த்தால் தோள் அரிக்கும்போலிருக்கிறது. குன்சாவைத் தாண்டியதும் தாவாவின் கூடையிலிருந்து பெரிய பையாகப் பார்த்து ஒன்றை உருவி, தோளில் போட்டுக்கொண்டு, ஆயர் ஈத்தாம் படிக்கட்டில் ஏறுவதுபோல விறுவிறுவென்று ஏறிவிட்டார். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கம்பாச்சென் போய்ச் சேர்ந்து, வந்தவர்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

மறுநாள் காலையில் தலை பிளந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எழுந்து நின்றவருக்கு எந்தக் காலை முதலில் தூக்குவது என்று தெரியவில்லை. உயரமான மலையில் அவசரப்பட்டு ஏறினால் உடம்பு பழகாமல் இப்படித்தான் ஆகும், உடனே இறங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஷாருலுக்குத் தெரியும். கூடையைக் காலி செய்து, அதில் மோகனராஜை உட்காரவைத்து, முதுகில் சுமந்து இறக்கினார் தாவா. வாழ்நாளெல்லாம் தூக்கியே பழகியவரை முதன்முறையாக ஒருவர் தூக்கினார். வழி முழுக்க அந்த மனிதருடைய மூச்சு காதருகே கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் அடி, ஒரு மூச்சு. அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் அதை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தார்.

அந்த முறை பேஸ் கேம்பில் போய் நின்றவர்களில் ஒருவர் ஹபீபா பீவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. கையில் குடை. வளைவுக்கு ஒருமுறை நிற்பார், பெரணிச் செடியைப் போட்டோ எடுப்பார், மகளுக்குப் போன் போட்டு மீனைக் கழுவி வைத்தாயா என்று கேட்பார். அந்தப் பயணத்தில் தினமும் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்தான். ஆனால் தினமும் வந்து சேர்ந்தார்.

அடுத்த மாதம் குழு மறுபடியும் போகிறது. மோகனராஜைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஷாருல் நாலைந்து நாள் தூங்காமல் யோசித்திருப்பார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

“அண்ணே, உங்க பலத்த நான் பாக்கல. ஹபீபாக்கா பின்னாடி, அவங்க குதிகாலப் பாத்துக்கிட்டே ஹில் மேல வாங்க. கையில சாமான் கூடாது. மூணு ஞாயிறு தர்றேன். மூணுல ஒண்ணாச்சும் முந்தாம வந்தீங்கன்னா டிக்கெட் போடுறேன். இல்லன்னா உங்களக் கூட்டிட்டுப்போக எனக்குத் தைரியம் இல்ல.”

தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர். மோகனராஜுக்கு அது ஒரு விஷயமே இல்லை. முதல் ஞாயிறு, பாதி வழியில், மேலே ஒரு பங்களாவில் வேலை செய்யும் அலாவுதீன் என்பவர் கேஸ் தோங்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தார். அவ்வளவுதான். தோங் இவருடைய தோளுக்கு மாறியது, ஹபீபா பீவி பின்னால் மறைந்தார். பங்களா வாசலில் இறக்கிவிட்டு வெற்றிச் சிரிப்போடு திரும்பியவரிடம் ஷாருல் ஒரு விரலைக் காட்டினார். இரண்டாம் ஞாயிறு தூறல் விழுந்தது. மேலே கொட்டகையில் எல்லாருக்கும் இடம் பிடித்து வைக்கலாமே என்று நல்லெண்ணத்தில் ஓடினார். இரண்டு விரல்.

அந்த வாரம் முழுக்க அவர் வழக்கத்தைவிட மெதுவாகப் படியேறினார். கம்பாச்சென்னில் இருபது மூச்சு முப்பதாயிற்று. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், நான்காவதில் நாற்காலியே எடுத்துப் போட்டார்கள். இவர் ஏறி வர நேரமாகும் என்று காமாரியா, கேஸ் தீருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே போன் செய்து சொல்லிவிட்டார். சனிக்கிழமை தோங்கை மாட்டி முடித்தபோது, நாளைக்கு எப்படியாவது கடைசியாக வந்துவிடுங்கள் என்று வாழ்த்தினார். இப்படி ஒரு வாழ்த்தை ஆயர் ஈத்தாமில் யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மோகனராஜின் கண் ஹபீபா பீவியின் சாம்பல் நிறக் காலணியை விட்டு அகலவில்லை. கயிறு இல்லாத, பட்டையை இழுத்து ஒட்டும் காலணி. மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்து இடது குதிகால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். பெரணிக்கு நின்றார்கள். மீனுக்கு நின்றார்கள். ஒரு குரங்கு குட்டியோடு பாதையைக் கடக்கும்வரை நின்றார்கள். நெஞ்சுக்குள் குதியாட்டம். ஒவ்வொரு வளைவிலும் இன்னும் நான் பின்னால்தான் இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

பாதி வழியில் அலாவுதீன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோங். மோகனராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்துவிட்டார். மோகனராஜின் வலது தோள் தானாகவே ஓர் அங்குலம் இறங்கியது. ஹபீபா பீவி நிற்காமல் நடந்தார். மோகனராஜ் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“வயித்துல வெக்காதீங்க பாய். தோள்ல தூக்குங்க, கழுத்தச் சாய்ச்சுக்குங்க. பெலான் பெலான், மெதுவா போங்க, ஒண்ணும் ஓடிப்போயிடாது” என்று நடந்தபடியே சொன்னார். அலாவுதீனுக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் அவர் தோளில் தூக்கிப் பார்ப்பதை மோகனராஜ் ஓரக்கண்ணால் கவனித்தார், சரியாகத்தான் தூக்கினார்.

அதற்குப் பிறகு அவர் கைகளை முன்னால் கொண்டுவரவே இல்லை. மூன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி வளைவு தாண்டியதும் உச்சி தெரிந்தது. ரயிலில் ஏறி வந்த சுற்றுலாக்காரர்களுக்கு முன்னால் ஷாருலும் மற்ற மூவரும் வரிசையாக நின்று கையசைத்தார்கள். இன்னும் பத்தே பத்து அடி. மோகனராஜின் காது சூடாகிவிட்டது. பனியும் பிரார்த்தனைக் கொடிகளும் கஞ்சன்ஜங்காவும் அந்தப் பத்து அடிக்கு அப்பால் நிற்பதுபோல அவருக்கு இருந்தது.

ஹபீபா பீவி நின்றார். குடையைக் கைக்கிடுக்கில் செருகிக்கொண்டு மெல்லக் குனிந்தார். இடது காலணியின் பட்டையைச் சரக்கென்று பிரித்தார். அது நன்றாகத்தான் ஒட்டியிருந்தது, மோகனராஜுக்குத் தெரியாதா. மறுபடி ஒட்டினார். தடவிப் பார்த்தார். பிறகு வலது காலுக்கு வந்தார்.

மேலே யாரோ கைதட்டினார்கள். மோகனராஜின் குதிகால் தரையிலிருந்து எழும்பியது. பின்னாலிருந்த கைகள் ஒன்றை ஒன்று இறுக்கின. அவர் மூக்கால் இழுத்து வாயால் விட்டார். குதிகால் மெதுவாகத் தரைக்குத் திரும்பியது.

ஹபீபா பீவி வலது பட்டையை இன்னொரு முறை பிரித்தார். மோகனராஜ் ஓர் அடி பின்னால் நகர்ந்து, அவருக்குக் குனிய வசதியாக இடம் விட்டு நின்றார்.